மதுரையிலிருந்து குமரி: குடும்பத்தோடு இரண்டு நாள் கார் பயணம், மணிக்கணக்கோடு

கன்னியாகுமரி மாவட்டத்தில் தூரங்கள் சின்னவை. 50, 60 கி.மீ. சுற்றுக்குள் கடல், அருவி, அரண்மனை, மலைநாட்டுத் திவ்யதேசம், தொட்டிப்பாலம் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் வார இறுதியில் போய்வரும் குடும்பங்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கோயில் வாசலில் நடை சாத்தியபிறகு போய் நிற்கிறார்கள். வரைபடத்தைப் பார்த்து, பக்கத்தில் இருப்பதை முதலில் பார்ப்போம் என்று திட்டம் போடுவதால் வரும் வினை இது.

இந்தப் பக்கத்துக் கோயில்கள் உச்சிவேளையில் நடை சாத்தினால் மாலை நான்கு, ஐந்து மணிக்குத்தான் மறுபடி திறக்கும். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுக்கு மாலை நான்கு மணியோடு கடை கட்டிவிடுவார்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்கு மதிய இடைவேளை உண்டு, திங்கட்கிழமை விடுமுறை. அருவிக்கும் பாலத்துக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆகவே காலையிலும் மாலையிலும் கோயில், நடுப்பகலில் அருவி, பாலம், அரண்மனை என்று வைத்துக்கொண்டால் பயணம் தானாக உட்கார்ந்துவிடும். கீழே உள்ள திட்டம் சனிக்கிழமை விடியுமுன் மதுரையில் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் கணக்கு. திருநெல்வேலிக்காரர்கள் இரண்டேகால் மணி நேரம் கழித்துக் கிளம்பினால் போதும்.

கிளம்புவதற்கு முன்

மொத்த ஓட்டம் சுமார் 650 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. தரும் வண்டிக்கு 43 லிட்டர் வரை பிடிக்கும். வெள்ளிக்கிழமை இரவே டேங்கை நிரப்பிவிடுங்கள். அதிகாலையில் பங்கைத் தேடும் இருபது நிமிடம், நடை சாத்துவதற்கு முந்தைய இருபது நிமிடத்தைத் தின்றுவிடும்.

டயர் காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிய டயரில் காற்று சூடாகி அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றைக் குறைத்தால், ஆறிய பிறகு டயர் தளர்ந்து நிற்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் இரண்டு பேருக்கு ஒரு அளவும் முழுப் பாரத்துக்கு ஒரு அளவும் போட்டிருப்பார்கள். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறும் வண்டிக்கு இரண்டாவது அளவுதான் சரி. ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். பஞ்சர் ஆன பிறகுதான் அதில் காற்றில்லை என்று தெரியவருவது நம் ஊரில் பழகிப்போன கதை.

நான்குவழிச் சாலையில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று நான்கு சுங்கச்சாவடிகள் வரும். பாஸ்டேக்கில் போக வர இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இருக்கட்டும். பணம் தீர்ந்தால் கூடுதல் கட்டணம், கூடவே வரிசையில் பின்னால் நிற்பவர்களின் ஹாரன்.

பைகளை இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள். ஒன்று இரவு அறைக்குப் போகும் பெரிய பை. மற்றது பகலில் கைக்கு எட்ட வேண்டிய பை. இந்த இரண்டாவது பையில் ஆண்களுக்கு ஆளுக்கொரு வேட்டி, துண்டு, அருவிக்கு மாற்றுத் துணி, ஈரத்துணி போட கெட்டியான பிளாஸ்டிக் பை, பெரியவர்களின் மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, சில்லறை. வேட்டி எதற்கு என்றால், இது பழைய திருவிதாங்கூர்ச் சீமை. கேரள வழக்கப்படி ஆண்கள் சட்டை, பனியனைக் கழற்றிவிட்டுத்தான் சன்னதிப் பக்கம் போக முடியும். திருவட்டாற்றில் வேட்டியும் எதிர்பார்ப்பார்கள். அரைக்கால் சட்டையில் வந்த பையனை வாசலில் நிறுத்திவிட்டு அவசரமாகத் துண்டு வாங்க ஓடும் அப்பாக்களை எந்த ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கலாம்.

அறையைக் கன்னியாகுமரியிலேயே எடுங்கள். நாகர்கோவிலில் விலை கொஞ்சம் குறையும், ஆனால் சூரியோதயத்துக்கு விடியுமுன் இருட்டில் வண்டி ஓட்ட வேண்டி வரும். "கடல் பார்த்த அறை" என்று பதிவு செய்யும்போது கிழக்கு பார்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கமும் கடல்தான். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போய்வரும் சாமிமார் கூட்டம் ஊரை நிறைத்துவிடும். அந்த நாட்களில் முன்பதிவு இல்லாமல் கிளம்பவே வேண்டாம். விவேகானந்தபுரத்தில் விவேகானந்த கேந்திர வளாகத்து அறைகள் குழந்தைகளோடு வருபவர்களுக்குத் தோதானவை. இடம் விசாலம், சூரியோதயம் பார்க்க வளாகத்திலிருந்தே கடற்கரைக்கு நடக்கலாம்.

சனிக்கிழமை: மலைப்பக்கம்

காலை 4:30க்கு மதுரை. இந்த நேரத்தில் ஓட்டுநருக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கும். முன்னிருக்கையில் இருப்பவர் தூங்கக் கூடாது. சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள்தான் விடியுமுன் பெரிய ஆபத்து. இடது தடத்தில் ஒட்டி ஓட்டாதீர்கள். விடிந்த பிறகு கயத்தாறைத் தாண்டினால் மாடும் மயிலும் குறுக்கே வரும்.

திருநெல்வேலி புறவழிச்சாலையை 6:45 சுமாருக்குத் தொடலாம். காலைச் சாப்பாடு அங்கேயே முடியட்டும், முக்கால் மணி நேரம் போதும். நாங்குநேரி, வள்ளியூர் தாண்டி காவல்கிணற்றில் சாலை பிரியும். நேரே போனால் கன்னியாகுமரி, வலப்பக்கம் நாகர்கோவில். பலர் வந்த வேகத்தில் நேரே போய்விடுகிறார்கள். நீங்கள் வலப்பக்கம் திரும்புங்கள்.

இங்கிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியே காற்று பிதுங்கி வருவதால்தான் முப்பந்தலைச் சுற்றி இத்தனை காற்றாலைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று நின்று, முந்தி வெளியே வந்ததும் ஒரே அடியாக அறையும். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, 60க்கு மேல் போகாமல் கடந்துவிடுங்கள். கூரைமேல் பெட்டி கட்டியிருந்தால் கயிற்றை இங்கே ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது. ஓட்டுநர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகும் இடம். ஐந்து நிமிடம் நிறுத்தலாம்.

நாகர்கோவில் 9 மணி. நகரத்துக்குள் நுழைந்து நாகராஜா கோயிலையும் பார்த்துவிடலாம் என்ற ஆசை இப்போதுதான் வரும். விட்டுவிடுங்கள். பார்வதிபுரம், வில்லுக்குறி, தக்கலை, அழகியமண்டபம் என்ற சாலை குறுகியது, பேருந்துகள் நிறைந்தது. 30 கி.மீ.க்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அழகியமண்டபத்தில் வலப்பக்கம் திரும்பி வேர்கிளம்பி வழியே போனால் திருவட்டாறு.

ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு 10:15க்குள் வந்துவிட்டால் நிதானமாகப் பார்க்கலாம். நம்மாழ்வார் "வாட்டாற்றான்" என்று பாடிய பெருமாள். 22 அடி நீளத்தில் பள்ளிகொண்ட திருமேனி, கடுசர்க்கரை என்ற மூலிகைக் கலவையால் ஆனது. உள்ளே 16,008 சாளக்கிராமங்கள் என்பது கோயில் மரபு. ஒரே பார்வையில் முழு உருவமும் தெரியாது. மூன்று வாசல்கள் வழியே திருமுகம், நாபி, திருவடி என்று தனித்தனியே சேவிக்க வேண்டும். கூட்டத்தில் முதல் வாசலில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 2022 ஜூலை 6 அன்று இங்கே குடமுழுக்கு நடந்தபோது, அதற்கு முந்தையது 418 ஆண்டுகளுக்கு முன்பு என்று கணக்குச் சொன்னார்கள். கோயில் உயரமான இடத்தில் இருக்கிறது. படியேற வேண்டும் என்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்குக் கைத்தாங்கலாக ஒருவர் கூட வர வேண்டும்.

அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம் மூன்று, நான்கு கி.மீ. காமராசர் காலத்தில் திட்டமிட்டு 1960களில் கட்டியது. ஒரு மலையிலிருந்து எதிர்மலைக்குப் பாசன நீரைக் கொண்டுபோக, பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில், 28 தூண்கள்மேல் நிற்கும் கான்கிரீட் தொட்டி. அதன் ஓரமாக நடைபாதை. கீழே தென்னையும் ரப்பரும் ஆறும். சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடம் குறைவு. பாலத்தின் அடியிலிருந்து தூண்களைப் பார்க்கப் படிக்கட்டு உண்டு. இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் எண்ணத் தோன்றும். பெரியவர்கள் மேலேயே நிற்கட்டும்.

மதியச் சாப்பாடு குலசேகரத்தில். சிவப்பரிசிச் சோறு, மரவள்ளிக்கிழங்கு கிடைக்கும் ஊர். அருவிக்குப் போகுமுன் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், வளைவுச் சாலையில் பிள்ளைகள் வாந்தியெடுக்கும். அப்படி வரும் பிள்ளையைப் பின்னிருக்கை நடுவில், முன்கண்ணாடி வழியே சாலை தெரியும்படி உட்கார வைத்து, கையிலிருக்கும் போனை வாங்கி வைத்துவிட்டால் பாதி குறையும்.

திற்பரப்பு அருவி கோதையாற்றில் இருக்கிறது. சுமார் 50 அடியிலிருந்து அகன்று விழும், அதனால் குற்றாலம்போல் தலையில் இடிக்காது. குழந்தைகள் குளிக்க ஏற்றது. மேலே ஆற்றுப்படுகையே கால் கி.மீ. நீளத்துக்கு ஒரே பாறை. பாசி படிந்த இடத்தில் வழுக்கும், எனவே ஓடக் கூடாது. பக்கத்திலேயே மகாதேவர் கோயில், சிவராத்திரிக்குப் பக்தர்கள் ஓடியே போய்க் கும்பிடும் சிவாலய ஓட்டத்தின் பன்னிரண்டு தலங்களில் ஒன்று. நீங்கள் போகும் நேரத்துக்கு நடை சாத்தியிருக்கும், அதைக் கணக்கில் வைத்தே வாருங்கள்.

அருவியை மூடிவிடும் நாட்கள் உண்டு. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. பேச்சிப்பாறை அணையில் உபரிநீர் திறந்தால் இங்கே வெள்ளம் வரும். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிக்கலாம், மழை மலைமேல் பெய்திருக்கும். எனவே ஜூன் முதல் டிசம்பர் வரை கிளம்புமுன் வெள்ளிக்கிழமைச் செய்தியில் பேச்சிப்பாறை நிலவரத்தைப் பாருங்கள். மூடியிருந்தால் அந்த நேரத்தை சிதறால் மலைக்குக் கொடுக்கலாம். 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், பாறை நிழல், மேலே நல்ல காற்று. ஆனால் அரை மணி நேர ஏற்றம், நடக்கக்கூடியவர்களுக்கு மட்டும்.

சுசீந்திரமா, சூரியாஸ்தமனமா?

திற்பரப்பிலிருந்து கிளம்பும்போது எடுக்க வேண்டிய முடிவு இது. இரண்டையும் ஒரே மாலையில் பிடிக்க முயன்றால் இரண்டும் அரைகுறையாகும்.

அக்டோபர் முதல் மார்ச் வரை சூரியன் தெற்கே சாய்ந்து மறைவதால் குமரி முனையிலிருந்து கடலுக்குள் இறங்குவது தெரியும். மற்ற மாதங்களில் வடமேற்கே, நிலத்தின் பக்கம் மறையும். முனையில் நின்று பார்ப்பவர்களுக்கு வானம் சிவப்பதோடு சரி. கோடை விடுமுறையில் வந்து "அஸ்தமனம் தெரியவே இல்லை" என்று மேகத்தைக் குறைசொல்வது பாவம்.

ஆகவே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை: திற்பரப்பில் மூன்று மணிக்குக் கிளம்பி, 4:45க்கு சுசீந்திரம். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு 13 கி.மீ. தள்ளிக் கன்னியாகுமரி.

அக்டோபர் முதல் மார்ச் வரை: குளியலைச் சுருக்கி 2:15க்கே கிளம்புங்கள். நேராகக் கன்னியாகுமரி, அறையில் பையைப் போட்டுவிட்டு 5:30க்குக் கடற்கரை. நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சுசீந்திரத்தை ஞாயிற்றுக்கிழமை முற்பகலுக்குத் தள்ளலாம், அது நாகர்கோவில் போகும் வழியிலேயே இருக்கிறது. சித்ரா பௌர்ணமி மட்டும் தனிக்கணக்கு. அன்று ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா எழும். அதைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு நடுவே கார் ஓட்டும் எண்ணத்தை மறந்துவிட்டு மதியமே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் சிவன், திருமால், பிரமன் மூவரும் ஒரே மூர்த்தம். தாணு, மால், அயன் என்பதே பெயர். ஏழுநிலைக் கோபுரம் சுமார் 134 அடி. 18 அடி ஆஞ்சநேயர் முன்னால்தான் எல்லோரும் கூடுவார்கள். கொஞ்சம் நேரம் இருந்தால் அலங்கார மண்டபத்து இசைத்தூண்களிடம் நில்லுங்கள். ஒரே கல்லில் குடைந்த மெல்லிய தண்டுகள், தட்டினால் வெவ்வேறு சுரம். தட்டித் தட்டித் தேய்ந்துபோனவை, எனவே பிள்ளைகள் கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து விளையாட விட வேண்டாம். மார்கழித் தேரோட்டத்தன்று போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். கூட்டத்துக்குத் தயாரில்லாதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை: கடலும் அரண்மனையும்

சூரியன் மே, ஜூனில் ஆறு மணி சுமாருக்கும், ஜனவரி கடைசியில் 6:40 சுமாருக்கும் எழும். அரை மணி நேரம் முன்னதாக இடம் பிடியுங்கள். பார்த்த கையோடு பகவதி அம்மன் கோயில், கடற்கரையிலேயே இருக்கிறது. அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்து வந்த கப்பல்கள் பாறையில் மோதியதால் கடலைப் பார்த்த கிழக்கு வாசலை அடைத்தார்கள் என்று சொல்வார்கள். ஆண்டில் சில நாட்கள் மட்டும் அது திறக்கும். நீங்கள் நுழைவது வடக்கு வாசல்.

படகு காலை எட்டு மணிக்குத் தொடங்கும். எட்டு மணிக்கு வரிசைக்குப் போனால் உங்களுக்கு முன்னால் ஏற்கெனவே பல நூறு பேர் நிற்பார்கள். 7:15க்கே போய், ஒருவர் வரிசையில் நிற்க மற்றவர்கள் முறைவைத்து இட்லி சாப்பிட்டு வருவதே வழி. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம்தான் படகை நடத்துகிறது. சாதாரணச் சீட்டு, வரிசை குறைந்த சிறப்புச் சீட்டு என இரண்டு வகை உண்டு. எழுபது வயதுப் பாட்டியோ கைக்குழந்தையோ இருந்தால் சிறப்புச் சீட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது. காற்று கடுமையாக இருந்தால் முன்னறிவிப்பில்லாமல் நிறுத்திவிடுவார்கள்.

விவேகானந்தர் 1892 டிசம்பரில் தியானம் செய்த பாறையில் 1970இல் நினைவு மண்டபம் எழுந்தது. பக்கத்துப் பாறையில் திருவள்ளுவர், 2000 ஜனவரி 1 அன்று திறந்தது. 133 அதிகாரத்துக்கு 133 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடிப் பீடம், பொருளும் இன்பமும் சேர்ந்த 95க்கு 95 அடிச் சிலை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லி எண்ண வைக்கலாம். முன்பெல்லாம் கடல்மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் பாறைக்குப் படகு அண்ட முடியாது, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். 2024 டிசம்பர் 30 அன்று இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது. பாறையில் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும், பத்து மணிக்கு மேல் கல் சுடும். பழைய சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருந்தால் நல்லது.

10:30க்குக் கரைக்கு வந்து அறையைக் காலி செய்யுங்கள். சுசீந்திரம் பாக்கி இருந்தால் உடனே கிளம்பி 11:15க்குள் அங்கே இருக்க வேண்டும். ஏற்கெனவே பார்த்துவிட்டவர்கள் ஆறு கி.மீ. வடகிழக்கே வட்டக்கோட்டைக்குப் போகலாம். கருங்கல் மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை. நிழல் இல்லை, குடை வேண்டும்.

அடுத்தது பத்மநாபபுரம், தக்கலையிலிருந்து இரண்டு கி.மீ. இங்கே அவசரப்பட்டு பகல் ஒரு மணிக்குப் போய்விடாதீர்கள், மதிய இடைவேளையில் சீட்டு தர மாட்டார்கள். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு நுழைவதுதான் முறை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இது. 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடமே தங்கிவிட்டது. மரவேலைதான் இங்கே விருந்து. தாய்க்கொட்டாரம் என்ற பழைய பகுதியின் தூண்கள், மூலிகை மரக் கட்டில், முகம் தெரியும் கருந்தரை. வழி ஒருபக்கமாகவே போகும், பாதியில் திரும்ப முடியாது. படிகள் செங்குத்து, நிலைகள் தாழ்வு, உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கழிவறைக்குப் போய்விட்டே நுழையுங்கள். நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதியும், பக்கத்து வேளிமலைக் குமாரசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போவார்கள். அந்தப் புறப்பாட்டு நாளில் தக்கலைச் சாலை நகராது.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, திருச்செந்தூரையும் பார்த்துவிடலாம்" என்று வண்டிக்குள் ஒரு குரல் நிச்சயம் எழும். கன்னியாகுமரியிலிருந்து 90 கி.மீ., போய்ச் சேர்ந்தால் வரிசை. அதற்குத் தனியாக ஒரு வார இறுதியை வையுங்கள்.

நான்கு மணிக்கு அரண்மனையை விட்டால் தக்கலைக் கடைகளில் மட்டிப்பழமும் நேந்திரங்காய் சிப்ஸும் வாங்க நேரமிருக்கும். மட்டி சின்னப் பழம், வாசனை தூக்கும், தோல் மெல்லியது. பெட்டிக்கு அடியில் வைத்தால் மதுரையில் ஜாம்தான் இறங்கும். கொஞ்சம் காயாக எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் தெம்பு இருந்தால் வழியில் நாங்குநேரி வானமாமலைப் பெருமாள். ஆறு மணி சுமாருக்கு அங்கே இருக்கலாம். தினமும் தைலக்காப்பு நடந்து, அந்த எண்ணெய் சேரும் கிணறு கோயிலிலேயே இருக்கிறது. ஓட்டுநருக்குக் கொட்டாவி வந்துவிட்டால் இதை விட்டுவிட்டு ஒரு டீயோடு நேராக ஓட்டலாம். ஞாயிறு மாலை நான்குவழிச் சாலையில் எல்லோரும் வீட்டைப் பார்த்துப் பறப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் நிறுத்துங்கள். கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வாங்குவதென்றால் அந்த நிறுத்தத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து மதுரைக்கு இன்னும் 100 கி.மீ.தான்.